தண்ணீரைத் தொடாதே!

காலை நேரம். வாசல் தெளிப்பதற்காக ஒரு வாளியில் தண்ணீர் வைத்து இருக்கிறார், அம்மா. வீட்டுக்குள் இருந்து குழந்தை ஓடி வருகிறது. வயது மூன்று. வாளிக்குள் கையை விடுகிறது. சளக், சளக் என்று அடிக்கிறது. தண்ணீர் தெறிக்கிறது. குழந்தை சிரிக்கிறது.

"தண்ணீரைத் தொடாதே! சளி பிடிக்கும்!"

அம்மா ஓடி வருகிறார். குழந்தையைத் தூக்கிக் கொண்டு உள்ளே போகிறார். குழந்தை கத்துகிறது. காலை உதைக்கிறது. கடைசியில் அதன் கையில் செல்போன் கொடுக்கப்படுகிறது. அழுகை நிற்கிறது.

தமிழ்நாட்டில் இன்று பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் உலக நாடுகள் எல்லாம் கூடிப் பேசும் விஷயமாக இது ஆகி இருக்கிறது.

ஐக்கிய நாடுகள் சபை 1989-ம் ஆண்டில் குழந்தைகளின் உரிமைகள் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. அதில் 31-வது பிரிவு விளையாட்டைப் பற்றியது. உணவும் மருந்தும் எப்படிக் குழந்தையின் உரிமையோ, அப்படி விளையாட்டும் உரிமை என்று அது சொல்லுகிறது. 1992-ல் இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்றுக் கொண்டது. 2024-ம் ஆண்டு முதல் ஜூன் மாதம் 11-ந் தேதி "சர்வதேச விளையாட்டு நாள்" என்று கொண்டாடப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. 3 வயது, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் 3 மணி நேரமாவது ஓடி ஆட வேண்டும். செல்போன், டெலிவிஷன் பார்ப்பது 1 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அது அறவே கூடாது. இதுதான் அந்தக் கணக்கு.

இந்திய அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 3 வயது முதல் 8 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு என்று 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு பாடத்திட்ட அமைப்பு வெளியிடப்பட்டது. விளையாட்டு மூலமாகவே பாடம் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இருக்கும் பாடத்திட்டத்தின் பெயரே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்பதாகும். கல்விக் கொள்கையில் டெல்லிக்கும் சென்னைக்கும் தகராறு உண்டு. ஆனால் சின்னக் குழந்தை விளையாடித்தான் படிக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை!

ஆக, காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. வாசலில்தான் சரியாக இல்லை. ஏன்?

முற்றம் எங்கே?

முன்பு வீட்டுக்கு முற்றம் இருந்தது. கிணற்றடி இருந்தது. தெருவில் மணல் கிடந்தது. குழந்தை மண்ணில் வீடு கட்டியது. கொட்டாங்கச்சியில் சோறு ஆக்கியது. அது நேற்று வந்த பழக்கம் அல்ல. பிள்ளைத்தமிழ் நூல்களில் "சிற்றில் பருவம்" என்று ஒரு பகுதியே உண்டு. சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டுவார்கள். அதைக் காலால் அழித்து விடாதே என்று ஆண் குழந்தையிடம் கெஞ்சுவார்கள். பெண்பால் பிள்ளைத்தமிழில் "நீராடல் பருவம்" என்று ஒன்று உண்டு. அறிவுடை நம்பி என்ற பாண்டிய மன்னன் புறநானூற்றில் ஒரு பாட்டுப் பாடி இருக்கிறான். நெய்ச் சோற்றைக் கையால் அள்ளி, பிசைந்து, மேல் எல்லாம் பூசிக் கொள்ளும் குழந்தை இல்லாதவனுக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்கிறான் மன்னன். இன்று அப்படிச் சோற்றைப் பூசிக் கொண்டால், முதுகில் ஓர் அடி விழும்.

இப்பொழுது நகரத்தில் அடுக்கு மாடி. வாசலைத் திறந்தால் மாடிப்படி. கிராமத்திலும் வாசல் வரை சிமெண்டு வந்து விட்டது. தெருவில் மோட்டார் சைக்கிள் பறக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்களுக்கு மேல் இருக்கின்றன. அவற்றிலும் நகரங்களில் பல மையங்கள் நெருக்கமான இடத்தில் நடக்கின்றன. சமையலுக்கு ஒரு மூலை, குழந்தைகளுக்கு ஓர் அறை. அதற்கு மேல் இடம் கிடையாது.

அடுத்த காரணம் தண்ணீர். 2019-ம் ஆண்டு கோடையைச் சென்னை மக்கள் மறந்து இருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு போயின. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். அந்த ரெயில் ஜூலை 12-ந் தேதி வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள். குடம் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிய தாய், குழந்தை தண்ணீரைக் கொட்டினால் பொறுப்பாளா?

அவள் கோபம் நியாயமானது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு விளையாட ஒரு சின்னப் பேசின் போதும். 4 லிட்டர், 5 லிட்டர் தண்ணீர். பழைய மாதிரிக் கழிவறைத் தொட்டியை ஒரு தடவை திறந்து விட்டால் சுமார் 10 லிட்டர் போகிறது. குழந்தை விளையாடிய தண்ணீர் வீணாகவும் போவது இல்லை. முருங்கைக்கோ, துளசிக்கோ ஊற்றலாம். குழந்தை கையாலேயே ஊற்றச் சொன்னால் அதுவும் ஒரு விளையாட்டு.

மூன்றாவது காரணம்தான் பெரியது. அது அவசரம்.

எழுதச் சொல்லாதே!

"என் பையன் மூன்று வயதில் ஏ, பி, சி, டி எழுதுகிறான்" என்று சொல்லிக் கொள்வது பெற்றோருக்குப் பெருமையாக இருக்கிறது. தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி.க்குக் கூட்டம் போவதைப் பார்த்து, அரசாங்கமே 2019-ம் ஆண்டு ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. ஏழைக் குழந்தைக்கும் அந்தப் படிப்புக் கிடைக்க வேண்டும் என்பது நல்ல எண்ணமே. ஆனால் எல்.கே.ஜி. என்றால் பென்சில், நோட்டு, வீட்டுப் பாடம் என்று பெற்றோர் மனத்தில் பதிந்து போயிற்று.

குழந்தையின் கை இதற்குத் தயாராக இருக்கிறதா?

மனிதனுடைய மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்பொழுது அவை எலும்பாகவே இருப்பது இல்லை. மெத்தென்ற குருத்தாக இருக்கும். ஒவ்வொன்றாக முற்றும். 3 வயதில் பாதிக்கு மேல் இன்னும் குருத்துதான். பெரும்பாலான எலும்புகள் உருவாக 6 வயது ஆகி விடும். கடைசி எலும்பு 8 வயதுக்கு மேல்தான் வரும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு பக்கம் எழுதச் சொன்னால் குழந்தை அழாமல் என்ன செய்யும்?

அந்தக் கைக்கு வேண்டியது வேறு வேலை. ஈரத் துணியைப் பிழிவது, களிமண்ணைப் பிசைவது, டம்ளரைத் தூக்கி ஊற்றுவது ஆகியவை. விரல்களுக்குப் பலம் வருவது இவற்றால்தான். பிறகு பென்சில் தானாகவே நிற்கும்.

இதை உலகத்துக்குச் சொன்ன ஓர் அம்மையார் சென்னையில் வாழ்ந்தவர். அவர் பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலி நாட்டு டாக்டர். 1939-ம் ஆண்டில், 69-வது வயதில், அவர் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் நடந்து கொண்டு இருந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் தங்கி இருந்தார். போர் முடிந்து 1946-ல்தான் ஐரோப்பாவுக்குப் போனார். அவருடைய பள்ளிகளில் குழந்தைக்கு முதலில் கொடுக்கும் வேலைகளில் ஒன்று, ஒரு கூஜாவில் இருந்து இன்னொரு கூஜாவுக்குச் சிந்தாமல் ஊற்றுவது. முதலில் அரிசி அல்லது பருப்பு. கை பழகிய பிறகு தண்ணீர். நம் ஊர்ப் பாட்டி, பேத்தியிடம் உழக்கையும் அரிசியையும் கொடுத்து அளக்கச் சொல்லுவாளே, ஏறக்குறைய அதே வேலைதான்!

உயரமான டம்ளர்

சுவிட்சர்லாந்து நாட்டில் பியாஜே என்று ஓர் அறிஞர் இருந்தார். குழந்தைகள் எப்படி யோசிக்கின்றன என்பதை ஆராய்வதே அவருக்குத் தொழில். அவர் செய்த சோதனை ஒன்றை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். செலவு ஒரு காசு இல்லை.

ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். "எதில் அதிகம்?" என்று 4 வயதுக் குழந்தையைக் கேட்க வேண்டும். "இரண்டும் ஒன்றுதான்" என்று குழந்தை சொல்லும். இப்பொழுது, அதன் கண் எதிரிலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான, உயரமான பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். "இப்பொழுது எதில் அதிகம்?"

"இதில்தான்!" என்று உயரமான பாத்திரத்தைக் குழந்தை காட்டும்.

சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை என்று எவ்வளவு சொன்னாலும் அது ஒப்புக் கொள்ளாது. அதன் கண்ணுக்கு உயரம்தான் அளவு. அது முட்டாள்தனம் அல்ல. அந்த வயதின் இயல்பு. ஏறக்குறைய 7 வயதில் "திரும்ப அந்த டம்ளரிலேயே ஊற்றினால் சரியாகி விடுமே!" என்று அதே குழந்தை சொல்லும்.

பாடம் சொல்லிக் கொடுத்து இதை அவசரப்படுத்துவது சுலபம் அல்ல. ஊற்றி ஊற்றிப் பார்த்த கைக்குத்தான் அது பிடிபடும். பெரிய டம்ளர், சின்ன டம்ளர், அகலமான கிண்ணம், ஒல்லியான பாட்டில் என்று நாலைந்து பாத்திரம் போதும். அளவு என்றால் என்ன, நிறைந்தது எது, குறைந்தது எது என்று குழந்தை தானே கற்றுக் கொள்ளும். கணக்குப் பாடம் அங்கேதான் ஆரம்பம் ஆகிறது.

என்ன விளையாடலாம்?

கடையில் போய்ப் பொம்மை வாங்க வேண்டியது இல்லை. வீட்டில் இருப்பதே போதும்.

சிமெண்டுத் தரை அல்லது சுவர் இருந்தால், பழைய வெள்ளை அடிக்கும் மட்டை ஒன்றையும் ஒரு டப்பா தண்ணீரையும் குழந்தையிடம் கொடுத்துப் பார்க்கலாம். அது சுவர் முழுவதும் "வெள்ளை அடிக்கும்". தண்ணீர் பட்ட இடம் கறுக்கும். சிறிது நேரத்தில் வெயிலில் காய்ந்து மறையும். மறுபடியும் அடிக்கும். அரை மணி நேரம் சத்தமே இருக்காது. "தண்ணீர் எங்கே போச்சு?" என்று குழந்தை கேட்டால், அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக் கொள்ளலாம். சுவருக்கும் கெடுதல் இல்லை.

எது மிதக்கும், எது மூழ்கும் என்பது இன்னொரு விளையாட்டு. கொட்டாங்கச்சி, வாழை மட்டை, கூழாங்கல், இரும்புக் கரண்டி, காய்ந்த இலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் "இது மிதக்குமா?" என்று கேட்க வேண்டும். கடைசியில் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக் கொள்ளலாம். காலியாக வைத்தால் மிதக்கும். அதிலேயே தண்ணீர் ஊற்றினால் மூழ்கும். கிண்ணம் ஒன்றுதான், அது ஏன் இரண்டு விதமாக நடந்து கொள்கிறது? பெரியவர்களே சிறிது யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்!

டீ வடிகட்டி, மாவுச் சல்லடை, அடியில் ஓட்டை போட்ட டப்பா ஆகியவற்றில் தண்ணீர் எப்படி ஒழுகுகிறது என்று பார்ப்பதிலும் குழந்தைக்கு ஆசை உண்டு. சாயங்காலத்தில் செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லலாம். கைக்குட்டை, பொம்மைச் சட்டை ஆகியவற்றைத் துவைக்கச் சொல்லலாம். மழை வந்தால் காகிதக் கப்பல் இருக்கவே இருக்கிறது.

களிமண் கிடைத்தால் மிகவும் நல்லது. சட்டி, பானை, உருண்டை, பாம்பு என்று குழந்தை செய்து கொண்டே இருக்கும். கிடைக்காத இடத்தில் கோதுமை மாவை உப்புப் போட்டுப் பிசைந்து கொடுக்கலாம். புல், மணல், ஈர மண், காய்ந்த சருகு இவற்றின் மீது வெறுங்காலோடு நடக்க விட்டு, "எது குளிர்ச்சி? எது குத்துகிறது?" என்று கேட்கலாம். கண்ணை மூடிக் கொண்டு முகர்ந்து பார்த்து, வேப்பிலையா, துளசியா, எலுமிச்சை இலையா என்று சொல்ல வைக்கலாம். செல்போனில் இவை எல்லாம் படமாக வரும், மணம் வராது.

ஒரு சங்கதி. குழந்தை விளையாடும்பொழுது பக்கத்தில் நின்று கொண்டு "அப்படிச் செய், இப்படிச் செய்" என்று சொல்லிக் கொண்டே இருக்கக் கூடாது. கேள்வி கேட்டால் போதும். பாட்டிமார்களுக்கு இது நன்றாக வரும். அப்பாமார்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

சளி பிடிக்குமா?

தாய்மாருக்கு இருக்கும் முதல் பயம் இதுதான். சளி வருவது கிருமியால். ஒருவர் தும்மும்பொழுதும் இருமும்பொழுதும் அது அடுத்தவருக்குத் தொற்றுகிறது. பேசின் தண்ணீரில் கையை விட்டதால் மட்டும் சளி பிறந்து விடாது. அதே சமயம், நனைந்த சட்டையோடு குழந்தையை மணிக்கணக்கில் விடுவதும் சரி அல்ல. விளையாடி முடித்த உடன் தலையைத் துவட்டி, உலர்ந்த சட்டை போட்டு விட வேண்டும். காய்ச்சலோ, பேதியோ இருந்தால் அன்றைக்கு விளையாட்டுக்கு விடுமுறை.

வெயில் விஷயத்தில் கவனம் வேண்டும். 2024-ம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. அந்த அளவுக்குக் கோடை கடுமையாகி விட்டது. ஆகவே காலை 9 மணிக்கு முன்னால், அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு, மர நிழலில் விளையாட விடுவதே நல்லது. உச்சி வெயிலில், தண்ணீரே ஆனாலும், வெளியில் விடக் கூடாது.

மண்ணில் கொக்கிப் புழு இருக்கும் என்பதும் உண்மைதான். மனிதர்கள் மலம் கழித்த மண்ணில் அது வளர்கிறது. வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே நுழைகிறது. ஆகவே விளையாட்டு மண் சுத்தமான இடத்து மண்ணாக இருக்க வேண்டும். நாயும் பூனையும் அசிங்கம் செய்யாதபடி மூடி வைக்க வேண்டும். விளையாடிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு, பிப்ரவரி மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குடற்புழு மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைத் தவற விடக் கூடாது.

உயிருக்கு ஆபத்து!

இவற்றை எல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

2021-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டு இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயதுக்குக் குறைந்த குழந்தை!

ஆறு, குளம், கிணறு ஆகியவற்றில்தான் இது நடக்கும் என்று நினைப்பது தவறு. வீட்டு வாளியிலும் நடக்கிறது. குளியல் அறைத் தொட்டியிலும் நடக்கிறது. ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலையின் கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்பொழுது தலை குப்புற விழுந்தால், நிமிர்ந்து எழக் கைகளில் பலம் கிடையாது. சில அங்குலத் தண்ணீரே போதும். பெரியவர்கள் நினைப்பதுபோல் குழந்தை கூச்சல் போடாது. வாயும் மூக்கும் தண்ணீருக்குள் இருக்கும்பொழுது எப்படிக் கூச்சல் போடும்? சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து விடும். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்து விட்டு வரும் நேரம்தான்.

அதற்காகத் தண்ணீரையே காட்டாமல் வளர்ப்பதா? வாசல் வாளியைத் தொடாதே என்று விரட்டிய குழந்தை, யாரும் இல்லாத சமயத்தில் குளியல் அறை வாளியிடம் தனியாகப் போகும். ஆசை அடங்கவில்லை அல்லவா? ஆகவே, பெரியவர் கண் எதிரில், ஆழம் இல்லாத அகலமான பேசினில், தினமும் சிறிது நேரம் விளையாட விடுவதுதான் நல்லது.

ஆனால் சில விஷயங்களில் விட்டுக் கொடுக்கவே கூடாது. குழந்தை தண்ணீர் அருகே இருக்கும் வரை, கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். 7 வயது அக்கா "பெரியவர்" அல்ல. போன் மணி அடித்தால் போனை விட்டு விட வேண்டும். அல்லது குழந்தையையும் தூக்கிக் கொண்டு போக வேண்டும். தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்குக் கனமான மூடி வேண்டும். குளியல் அறைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். 3 வயது நிரம்பாத குழந்தைக்குப் புளியங்கொட்டை, கோலிக்குண்டு, பாசிமணி போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது. விழுங்கினால் தொண்டையில் அடைத்துக் கொள்ளும்.

விளையாட்டு முடிந்த உடன் பேசினையும் வாளியையும் காலி செய்து விட வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, சாக்கடையில் முட்டை இடுவது இல்லை. நல்ல தண்ணீரில்தான் இடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்து விடும். கொட்டாங்கச்சியில் தேங்கிய தண்ணீர்கூட அதற்குப் போதும். ஆகவே கொட்டாங்கச்சி, டப்பா, கிண்ணம் எல்லாவற்றையும் குழந்தையையே எடுத்துக் கவிழ்த்து வைக்கச் சொல்லலாம். மூன்று வயதுக் குழந்தை அதை மிகவும் ஆசையாகச் செய்யும்.